சத்தத்துக்கு ஒரு வாஷிங் மெஷின்

மரச்சாமான் கடைக்கு மேல், மாடியில் இரண்டே அறைகளில் நடக்கும் அந்த உள்ளூர் வானொலியில் அவருக்கு ஐடியா அண்ணன் என்று பெயர். நேயர்களுக்குப் பரிசுப் போட்டி யோசிப்பது அவர் வேலை. யோசனைக்குப் பஞ்சமே இல்லை. பின்யோசனைதான் சுத்தமாகக் கிடையாது. ஜாடியில் எத்தனை மிட்டாய் என்று ஒருமுறை போட்டி வைத்துவிட்டு, போட்டி முடிவதற்குள் பாதி மிட்டாயைத் தின்று தீர்த்தவர் அவர். அப்படிப்பட்ட மனிதரை நம்பி ஒரு கடைக்காரர் வாஷிங் மெஷினைத் தூக்கிக் கொடுத்தார் என்றால், அவருடைய வெள்ளை மனசை என்னவென்று சொல்வது?

இந்த முறை போட்டி மிக எளிது. வானொலியில் ஒரு சத்தம் போடுவார்கள். அது என்ன சத்தம் என்று சொல்பவருக்கு மெஷின். ஜெயித்தவர் சனிக்கிழமை தன் கடைவாசலில் வந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் இனி விளம்பரம் கிடையாது என்றார் கடைக்காரர். விளம்பரம் போனால் நீயும் போய்விடலாம் என்றார் நிலைய முதலாளி.

அண்ணன் வீட்டில் கண்ட சத்தத்தையெல்லாம் கைபேசியில் பிடித்து ஒலிப்பதிவாளரிடம் கொடுத்தார். அவர் துண்டுதுண்டாக வெட்டிப் போட்டுக் காட்ட, ஒன்று மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. இதுதான் சரி, ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது என்று எல்லோரும் குதித்தார்கள். அந்த ஒருவரில் தாங்களும் சேர்த்தி என்பது அந்த மேதைகளுக்கு உறைக்கவில்லை. அண்ணனுக்குத் தெரியும் என்று ஒலிப்பதிவாளரும், வெட்டியவருக்குத் தெரியும் என்று அண்ணனும் நிம்மதியாக இருந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை முதல் நேயர், துருப்பிடித்த கதவு என்றார். சரியா தவறா என்று அறிவிப்பாளர் கண்ணாடி வழியாக ஒலிப்பதிவாளரைப் பார்த்தார். அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அவரையே திருப்பிப் பார்த்தார். இரண்டு பேருக்குமே விடை தெரியாது என்று அப்போதுதான் புரிந்தது. தவறு என்று அண்ணன் தலையை ஆட்டிவைத்தார். அன்று முழுக்க வந்தவர்களுக்கெல்லாம் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கதவைத் திறந்து மூடினார், நாற்காலியை இழுத்தார், குடையை விரித்தார், குழாயைத் திருகினார். எதுவும் ஒத்துவரவில்லை. என்ன பைத்தியம் பிடித்துவிட்டது என்று மனைவி கேட்க, வேலையே போகப் போகிறது என்று அழாத குறையாக விஷயத்தைச் சொல்லிச் சத்தத்தைப் போட்டுக் காட்டினார்.

"இது நீங்க டீ குடிக்கிற சத்தம். கல்யாணம் ஆன நாள்லேருந்து கேக்குறேன், எனக்குத் தெரியாதா?"

அண்ணன் சத்தியம் செய்து மறுத்தார். மனைவி ஒரு டீயைப் போட்டு நீட்டினாள். முதல் உறிஞ்சலிலேயே சந்தேகம் தீர்ந்தது. கைபேசியில் பதிவை நிறுத்தாமல் டீயைக் கையில் எடுத்திருக்கிறார், வேறொன்றும் இல்லை. உயிர் வந்தது, கூடவே வெட்கமும் வந்தது. மனைவியையே ஜெயிக்கவைக்கவும் வழியில்லை. ஊழியர் வீட்டார் கலந்துகொள்ளக் கூடாது என்று விதி எழுதிய மகானும் அவரேதான்.

அதன்பிறகு பட்ட பாடுதான் பெரிது. சாக்கடை அடைப்பு என்றார்கள், எருமை சேற்றிலிருந்து காலை எடுப்பது என்றார்கள். பதில் தெரிந்துகொண்டே அத்தனையையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை வரை ஒருவரும் சொல்லவில்லை. வேறு வழியில்லாமல், இந்தச் சத்தம் போடுவது ஒரு மனுஷன்தான் என்று மானத்தை விட்டு ஒரு துப்பு கொடுக்கச் சொன்னார்.

உடனே ஒரு பெண் அழைத்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"டீ குடிக்கிறதுங்க. மொத நாளே எனக்குத் தெரியும். எங்க வீட்ல மட்டும்தான் இந்தக் கூத்துன்னு நெனச்சு வெக்கப்பட்டுக்கிட்டு சும்மா இருந்துட்டேன்."

அண்ணன் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் தலையை மேலும் கீழும் ஆட்டிய ஆட்டலில் கழுத்தே சுளுக்கிக்கொண்டது. சனிக்கிழமை கடைக்கு வந்து மெஷினை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் அறிவிப்பாளர்.

"வரேங்க. மெஷின் கெடக்கட்டும், அந்த மனுஷனோட சம்சாரம் நம்பர் கெடைக்குமா? கொஞ்சம் மனசு விட்டுப் பேசணும்."

வேலை பிழைத்த சந்தோஷத்தில் அண்ணன் அதையும் கொடுக்கச் சொல்லிவிட்டார். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மனைவி போனில் சிரித்துக்கொண்டிருந்தாள்; இவரைப் பார்த்ததும் இன்னும் பலமாகச் சிரித்தாள். டீயை அவரே போட்டுக்கொண்டு, சத்தமே வராமல் குடிக்கப் பார்த்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.