வெள்ளவத்தையில் ஈச்சடியைத் தேடிய கதை

இல்லாத ஊர்களின் பெயரைக் கேட்டு அலைகிறவனை இருக்கிற ஊரில் யாரும் நம்புவதில்லை. கதவைத் தட்டிக் கேள்வி கேட்டுப் பிழைத்த எவருக்கும் இந்த வயிற்றெரிச்சல் புரியும். சண்டைக் காலத்தில் கொழும்பில் நான் பார்த்த வேலை அது. வடக்கில் சனம் எழும்பிப் போன குறிச்சிகளின் காணி, கிணறு, ஒழுங்கை என்கிற சந்து ஆகியவற்றின் பெயர்களை ஓர் அகராதிக்காகச் சேர்க்க வேண்டும். அங்கே போக வழியில்லை. ஊர்ச் சனமோ வெள்ளவத்தை லொட்ஜுகளில் விசாவுக்குக் காத்திருந்தது. பிளேன் ஏற முதல் பிடித்தால் உண்டு.

என்னை அதிகம் படுத்தியது ஈச்சடிக் குறிச்சி.

வடை கிடைத்த வீடு

லொட்ஜின் இரண்டாம் மாடியில் ஈச்சடி அம்மா ஒருவர் இருந்தார். "உங்கட காணியளின்ரை பெயரைச் சொல்லுவீங்களோ?" என்றேன். எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாதவன் காணி விசாரித்தால் ஒரே அர்த்தம்தான். தேத்தண்ணி வந்தது, வடை வந்தது, சூட்கேஸிலிருந்து காணி உறுதிப் பத்திரக் கட்டும் வந்தது. "ஈச்சடி வளவு மூத்தவளுக்கு, புளியடிக் கலட்டி இளையவளுக்கு" என்று ஆமி முகாம் போட்டிருந்த காணிகளை அவர் தாராளமாகப் பிரித்துக் கொடுத்தார். நான் ஆனந்தமாக எழுதினேன்.

வடையை விழுங்கிய பிறகுதான் நான் கல்யாணத் தரகன் இல்லை என்று சொல்லத் துணிவு வந்தது. அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீர் கலியாணம் முடிச்சிட்டீரோ தம்பி?"

செக்பொயின்ட்

மிச்சப் பெயர்கள் தெரிந்தவர்கள் இரண்டே பேர் என்று அந்த அம்மாதான் சொன்னார். ஒருவர் அதே லொட்ஜில் இருந்த வைத்திலிங்கத்தார். வெள்ளிக்கிழமை கனடா போகிறார். மற்றவர் கொழும்பின் மறுபக்கம், கொட்டாஞ்சேனையில் இருந்த செல்லத்துரையர். இருவரும் பக்கத்து வளவுக்காரர், நடுவிலுள்ள ஒன்றரை முழ ஒழுங்கையின் வேலிக்காக வருடக்கணக்கில் வழக்காடி வருபவர்கள்.

கொட்டாஞ்சேனைக்குப் போகும் வழியில் பொலிஸ்காரர் ஒருவர் என் கொப்பியைப் பிரித்தார். வடக்கின் கிணறும் வழியும் தமிழில், நடுவில் நான் கீறிய வரைபடம். நான் உள்ளே போனால் ஈச்சடியும் என்னோடு உள்ளே போய்விடும். அரைகுறைச் சிங்களத்தில், அந்த ஊரில் இப்போது ஒருவரும் இல்லை, பெயரை மட்டும் எழுதுகிறேன் என்றேன். அவர் யோசித்தார். அவருடைய ஊரும் நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டதாம். வயல், புத்த விகாரைப் பாதை என்று அவர் சொல்லச் சொல்ல, பின்னால் வரிசை நீள, நான் எழுதினேன். தமிழில் மட்டும் எழுதியது அவருக்குப் பிடிக்கவில்லை. "சிங்களெனுத் லியபங் மல்லி!" சிங்களத்திலும் எழுது தம்பி என்று.

ஒன்றரை முழ ஒழுங்கை

தனித்தனியே கேட்டால் இருவரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "அவன் கள்ளன்." வியாழக்கிழமை வந்துவிட்டது. வேறு வழியில்லாமல், அந்த ஒழுங்கை தன்னுடையது என்று செல்லத்துரையர் அகராதிக்கு எழுதித் தந்துவிட்டார் என வைத்திலிங்கத்தாரிடம் ஒரு பொய் சொன்னேன். அவர் செருப்பைக்கூடத் தேடாமல் என்னோடு வெளிக்கிட்டார்.

பிறகு கொட்டாஞ்சேனையில் நடந்ததைக் கேட்கவா வேண்டும்! "கொட்டுக்கிணத்தடியில இருந்து அளந்து பார்!" "கறுத்தான் பிட்டிப் பக்கம் வேலியை ஆர் தள்ளினது?" "பூவரசு நிண்டது வண்ணான்துறைப் பாதையிலயடா!" என் பேனை ஓடிய ஓட்டம் எனக்குத்தான் தெரியும். முழுக் குறிச்சியும் கொப்பிக்குள் வந்த பிறகும் அவர்கள் ஓயவில்லை.

கடைசியில் வைத்திலிங்கத்தார் களைத்துப்போய்ப் படியிறங்கினார். செல்லத்துரையர் வாசல்வரை வந்தார். எதற்கோ தயங்கினார்.

"வழக்கை மட்டும் வாபஸ் வாங்கிப்போடாதையும். பிறகு நான் ஆரோடை ஊரைப் பற்றிக் கதைக்கிறது?"

பாசமாக விசாரித்தால் நாலு பெயரும், வேலிச் சண்டையைக் கிளப்பினால் நாற்பது பெயரும் கிடைக்கும் என்பதுதான் இத்தனை வருடத்தில் நான் கண்ட ஆராய்ச்சி முறை.