மஞ்சள் கோட்டு

எங்கள் பல்கலைக்கழகத் தோட்டக்கலைத் துறையில் தக்காளிக்கு இரண்டு கண்ணாடிக் குடில்கள். ஒன்றில், ஆராய்ச்சிக்காக வைரஸ் நோயை ஏற்றி வளர்க்கும் செடிகள். மற்றதில், விவசாயிகளுக்குப் போகும் நோயில்லாத நாற்றுகள். நல்ல குடிலுக்கு வெள்ளைக் கோட்டு, நோய்க் குடிலுக்கு மஞ்சள். வேலையும் முதலில் நல்ல குடிலில், அப்புறம்தான் நோய்க் குடிலில். நோய்ச் செடியில் உரசிய துணி பட்டாலே நாற்றுக்குத் தொற்றிவிடும்.

பத்தொன்பது வருடமாக இந்த முறையைக் கட்டிக் காத்தவர் தண்ணீர் ஊற்றும் அக்கா. ‘கறார் அக்கா’ என்று பெயர் வைத்தது நான்தான். கோட்டு மாற்றாமல் வந்த துறைத்தலைவரையே வாசலில் மறித்துத் திருப்பி அனுப்பியவர். பேராசிரியராவது, மண்ணாங்கட்டியாவது!

ஒருநாள் மத்தியானம் அக்கா நோய்க் குடிலில் இருந்தபோது நல்ல குடிலின் விசிறி நின்று எச்சரிக்கை மணி அலறியது. கொஞ்சம் தாமதித்தால் நாற்றெல்லாம் வெந்துவிடும். ஓடினார். விசிறியைப் போட்டார். துவண்டு கிடந்தவற்றைத் தொட்டுத் தொட்டு நிமிர்த்தினார். அப்போதுதான் தன் கையைப் பார்த்தார். மஞ்சள் கோட்டு.

யாரும் பார்க்கவில்லை. சொன்னால் வேலை போய்விடும். வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே ஒன்பது நாள் ஓடியது. தினமும் இலை இலையாகப் புரட்டினார். புள்ளி இல்லை. ஆனாலும் சோறு இறங்கவில்லை.

“என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?” என்று கேட்ட மகள்மேல் எரிந்து விழுந்தாராம்.

பத்தாம் நாள் காலை, நாற்றுகளை அனுப்பும் மேசையில் நான் இருந்தேன். அக்கா வந்து நின்றார்.

“நாத்தெல்லாம் எங்க?”

“நேத்து ராத்திரியே வண்டியில ஏத்தியாச்சுக்கா. அனுப்புற தேதியை முன்னாடி தள்ளிட்டாங்க. மாதிரிக்கு ஒரு தட்டு நாத்து மட்டும் உள்ள இருக்கு, பாக்கலையா?”

“பாத்தேன். இலையில மஞ்சள் திட்டு விழுந்திருக்கு.” என் கையைப் பிடித்தார். “வண்டிய நிறுத்தச் சொல்லு. தப்பு என்னோடது.”

நடந்ததைச் சொல்லி முடித்தார். வண்டி டிரைவருக்குப் போன் போட்டேன்.

“மூணு தோட்டத்துல இறக்கிட்டேனே,” என்றார் அவர்.

“நட்டுட்டாங்களான்னு கேளு,” என்றார் அக்கா.

“ரெண்டு பேர் இன்னும் இல்ல. ஒருத்தர் காலையிலயே ஆரம்பிச்சுட்டார். பாதி வயல் முடிஞ்சிருக்கும்.”

“நட்டவர் நம்பரக் குடு,” என்றார் அக்கா. “நானே சொல்றேன். அப்புறம் துறைத்தலைவர்கிட்டப் போறேன்.”

என் போனை வாங்கி, இரண்டு முறை தப்பான எண்ணை அழுத்தினார்.