இருபத்தேழு அங்குலத் திரை

“ஐப்பசி 7. தருமபுரியில் வாங்கியது. இருபத்தேழு அங்குலம். சாயங்காலம் தம்பி வீட்டில் மாட்டினோம்.” மானிட்டர் வந்த அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் இப்படி எழுதியிருப்பது நான்தான். எங்கள் வீடுகளுக்கு எந்தப் பொருள் வந்தாலும் பெட்டியில் தேதி எழுதிப் பரணில் ஏற்றுவது என் வழக்கம். ஏன் வாங்கினோம் என்பதை மட்டும் அன்று எழுதவில்லை.

தம்பிக்குக் கண்ணில் அழுத்தம். வலது கண்ணில் பார்வை போய்விட்டது. போகும்போது அவனுக்கே தெரியவில்லை. இடது கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறான். இருப்பதைக் காப்பாற்றலாம், போனதைத் திருப்ப முடியாது என்று சேலத்து மருத்துவர் சொல்லியிருந்தார். மொரப்பூரில் வீட்டிலிருந்தபடியே அரூர் அச்சகங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுப்பது அவன் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில், கோயம்புத்தூர் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளோடு கம்ப்யூட்டரில் கார் பந்தயம் விளையாடுவான். தொழிலும் அந்த விளையாட்டும் இடது கண்ணை நம்பித்தான் இருந்தன. பழைய சின்னத் திரை அந்தக் கண்ணுக்குப் போதவில்லை.

கடைக்காரர் முதலில் டிவியைக் காட்டினார். அதே விலைக்கு இன்னும் பெரிதாகவே கிடைக்கும் என்றார். தம்பி ஒப்பவில்லை. ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து பார்த்தால் டிவியில் எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும் என்றான். வளைந்த திரையும் வேண்டாம், பத்திரிகையின் கரைக்கோடு நேராக இருக்கிறதா என்று அதில் நிதானிக்க முடியாது. பந்தயத்தில் படம் விட்டுவிட்டு நகரக்கூடாது. ஜன்னல் வெளிச்சம் திரையில் பளிச்சிடக்கூடாது. எல்லாம் பொருந்தி வந்த ஒன்றில், பென் டிரைவில் கொண்டுவந்திருந்த பத்திரிகை ஒன்றைத் திறக்கச் சொன்னான். அதன் கடைசி வரிதான் ஆகச் சிறிய எழுத்து. மெய்யெழுத்துகளின் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வாசித்து முடித்தான். அதையே கட்டித் தரச் சொன்னான்.

வீட்டில் மாட்டியபோது முதலில் படம் வரவில்லை. சிபியுவின் பின்னால் மேலே இருந்த துளையில் கேபிளைச் செருகியிருந்தோம்; விளையாட்டுக்காகப் போட்டிருந்த கிராபிக்ஸ் கார்டின் துளை கீழே தனியாக இருந்தது. அதற்கு மாற்றியதும் திரை உயிர் பெற்றது. தம்பி மனைவி மேல் சட்டத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். திரைமேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை யாரும் உரிக்கவில்லை. புதுப்பொருளின் தோலை ஒரு பொங்கல் வரைக்குமாவது விட்டுவைப்பது எங்கள் குடும்பங்களில் வழக்கம். என் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இன்னும் இருக்கிறது. கண்ணாடிபோலத் தெளிவாக இருந்ததால் அது அங்கே இருப்பதையே நானும் தம்பியும் மறந்துவிட்டோம்.

கார்த்திகை பிறந்த பிறகு, அரூர் பேருந்து நிலையத்தில் ஓர் அச்சகக்காரர் என்னை நிறுத்தி, தம்பியின் சிஸ்டம் இன்னும் ரிப்பேரா என்று கேட்டார். எனக்கு அது புதுச் செய்தி. நேராக மொரப்பூருக்குப் போனேன். சிஸ்டத்துக்கு ஒன்றும் இல்லை. அதை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தான்.

நாளுக்கு நாள் எழுத்து மங்குகிறது என்றான். விளக்கைப் போட்டால் திரையெங்கும் புகை படர்ந்ததுபோல ஆகிவிடுகிறது. பந்தயத்தில் தூரத்து வளைவு தெரிவதில்லை. வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறாயா அப்பா என்று மகள் கேட்டிருக்கிறாள். ஆமாம் என்று சொல்லியிருக்கிறான். மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. சேலத்துக்குப் போகவும் பயம்.

திரையைப் போட்டு, அதே பத்திரிகையைத் திறந்தான்.

“ணா, இந்தக் கடைசி வரி உங்களுக்கு எப்படித் தெரியுது? உள்ளதச் சொல்லுங்க.”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். “எனக்கும் பூசுனாப்பலதான்டா இருக்குது.”

“என்னையத் தேத்தறதுக்குச் சொல்லாதீங்க.”

இன்னும் குனிந்தேன். திரை முழுக்க வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள், துடைத்த துணி போன வழியிலேயே. ஒரு மூலையில் காற்றுக் குமிழி. தம்பி மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“தெனமும் ஈரத்துணியில அழுத்தித் தொடைக்கறனுங்க மாமா. ரோட்டுப் புழுதி அப்படி அடையுது. மேல் தோலுதான கீறுது, உள்ள நல்லாத்தான் இருக்கும்.”

“எந்தத் தோலு?” என்றான் தம்பி.

அவள் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, குமிழி இருந்த மூலையை நகத்தால் நெம்பி ஒரே இழுப்பாக உரித்தாள். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே உரிச்சிருப்பன். கல்லாட்டம் உக்காந்துட்டிருந்தீங்களே” என்றாள். தாளைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தம்பி கடைசி வரியைத் தடங்கலில்லாமல் வாசித்தான். “இப்பச் சரியாயிருச்சுங்ணா.”

பரணிலிருந்து பெட்டியை இறக்கி, பழைய வரிக்குக் கீழே எழுதினேன்: “கார்த்திகை 12. தாள் உரித்தது. எழுத்து தெளிவு.”

வீடு திரும்ப ரயிலுக்குக் காத்திருக்கும்போதுதான் தோன்றியது. அவன் வாசித்தது அவனே அடித்த பத்திரிகை. கடையில் வாசித்ததும் அதைத்தான். கண்ணை மூடிக்கொண்டும் அவனால் அந்த வரியைச் சொல்ல முடியும்.

அடுத்த பரிசோதனைக்குச் சேலத்துக்குத் தனியாகப் போய்வந்தான். அப்படியேதான் இருக்கிறதாம் என்று போனில் சொன்னான். மருத்துவரின் சீட்டை நான் பார்க்கவில்லை. இடது கண் ஐப்பசியில் பார்த்த அளவு இன்றும் பார்க்கிறதா என்பதற்கு அவன் சொல்லைத் தவிர என்னிடம் சான்று இல்லை. பெட்டியில் எழுதுவதானால், “சரிபார்க்கவில்லை” என்றுதான் எழுத வேண்டும்.