ஊரா, காலனியா என்று கேட்டவள்

அந்தக் கூட்டத்தை நடத்தலாம் என்று சொன்னவளே நான்தான். விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிறிய தனியார் கல்லூரி ஒன்றில் பதினோரு வருடமாக வேதியியல் நடத்துகிறேன். கையில் கட்டும் கலர் கயிற்றுக்காக எங்கள் மாணவர்கள் இருவர் பஸ் நிறுத்தத்தில் அடித்துக்கொண்டார்கள். எந்தக் கலர் எந்தச் சாதி என்று எல்லோருக்கும் தெரியும். வகுப்பில்தான் யாரும் வாய் திறப்பதில்லை. ஒரு மதியம் பாடத்தை நிறுத்திவிட்டு இதை வெளிப்படையாகப் பேசலாம் என்று முதல்வரிடம் கேட்டேன்.

"பத்திக்கிச்சின்னா யாருங்க அணைக்கிறது?" என்று தயங்கினார். செல்போனில் யாரும் படம் பிடிக்கக் கூடாது என்று சொல்லி ஒருவழியாக ஒத்துக்கொண்டார்.

கல்லூரி அரங்கத்தில் நாற்காலிகளை எடுத்துவிட்டு ஆசிரியர்கள் உட்பட எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். முதல் அரை மணி நேரம் பேச்சுப் போட்டி மாதிரிதான் போனது. எல்லோரும் சமம் என்றார்கள், கைதட்டினோம். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள். மங்கலம்பேட்டைப் பக்கத்துக் கிராமம். அவள் அம்மா இங்கே பீங்கான் பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை செய்கிறார். வகுப்பில் அதிகம் பேசாத பெண்.

"கயிறெல்லாம் அப்புறம் மேடம். காலேஜுல மொத நாளு என்னைய நிக்க வச்சி ஒரு கேள்வி கேட்டீங்க. ஞாபகம் இருக்குதுங்களா?"

எனக்கு இல்லை.

"எந்த ஊருன்னு கேட்டீங்க, சொன்னேன். ஊருலயா, காலனியிலயான்னு கேட்டீங்க. காலனின்னேன். அறுபது பேரும் திரும்பிப் பாத்தாங்க. அன்னியிலேர்ந்து நான் காலனிப் பொண்ணு, அவ்ளோதான். வேற யாருன்னு யாரும் தெரிஞ்சிக்கல."

"எந்த பஸ்ஸுல வர்றன்னு தெரிஞ்சிக்கதானேம்மா கேட்டேன்" என்றேன்.

"ரெண்டுக்கும் ஒரே பஸ்ஸுதான் மேடம். ஸ்டாப்பும் ஒண்ணுதான்."

அவள் உட்காருவதற்குள் பின்னாலிருந்து ஒரு பையன் எழுந்தான். அவளுடைய வகுப்புதான்.

"எங்கிட்டயும் கேட்டீங்க மேடம். நான் ஊருன்னு பொய் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு அவன் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த நண்பனைப் பார்த்தான். இரண்டு வருடமாக ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவர்கள். அந்த நண்பன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அரங்கத்தை விட்டு வெளியே போனான்.

எங்கள் வீட்டில் புதிதாக யார் வந்தாலும் அப்பா இதே கேள்வியைத்தான் கேட்பார். பதிலைப் பொறுத்துத்தான் அம்மா டம்ளர் எடுப்பார். அந்த வீட்டை விட்டு எவ்வளவோ தூரம் வந்துவிட்டதாக நினைத்திருந்தேன். பதினோரு வருடமாக எத்தனை பேரை அப்படி நிற்க வைத்திருக்கிறேன் என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன்.

மறுநாள் காலை ஆய்வகத்துக்கு வெளியே அந்தப் பெண்ணைத் தனியாகப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன்.

"எல்லாரும் இருக்கும்போதுதான மேடம் கேட்டீங்க" என்றாள்.

அன்றைய முதல் வகுப்பிலேயே எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை லேசாக ஆட்டிவிட்டு நோட்டைத் திறந்தாள். அவ்வளவுதான்.

அந்தப் பையன் தனியாகச் சாப்பிட ஆரம்பித்திருந்தான். நண்பனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"சாதியெல்லாம் இல்ல மேடம். ரெண்டு வருசமா எங்கிட்ட பொய் சொல்லியிருக்கான்ல?"

"அவன பொய் சொல்ல வச்சவ நான். என்மேல கோவப்படு."

"ஒங்க மேலயும்தான் கோவம்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்னதில் எவ்வளவு உண்மை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதைக் கேட்கும் இடத்திலும் நான் இல்லை.

மூன்றாவது வாரம் ஆய்வகத்தில் அந்தப் பையன் பியூரெட் குழாயோடு திணறிக்கொண்டிருந்தான். அடுத்த மேசையிலிருந்து நண்பன் வந்து, "தள்ளுடா" என்று ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டான். இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. மணி அடிக்கும்வரை அவன் பிடியை விடவுமில்லை.