மீதமிருந்த நான்கு ஊசி

கொரோனாவின் இரண்டாம் அலை கொஞ்சம் ஓய்ந்து, பெங்களூரில் எங்கே பார்த்தாலும் தடுப்பூசிக்கு வரிசை நின்ற நேரம் அது. வைட்ஃபீல்டு பக்கம் ஒரு பெரிய அபார்ட்மென்டில் நான் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருந்தேன். வருடங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் அந்த ஒரு நாளை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாதிக் கோபம் அந்தக் குடியிருப்போர் சங்கத்தின் மேல். மீதி யார் மேல் என்பது படிக்கப் படிக்க உங்களுக்கே தெரிந்துவிடும்.

எனக்குக் கீழே முப்பது பேர் வேலை செய்தார்கள். அவர்களில் ஒருவர், மர்பி டவுனில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த பெண். வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். கணவர் இல்லை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எங்கள் தெருவில் பார்த்தால் வாய் நிறைய 'அண்ணா' என்பார். அபார்ட்மென்ட் கேட்டைத் தாண்டிவிட்டால் 'சார்'. மற்றவர்கள் எதிரில் எனக்கு மரியாதை குறையக்கூடாது என்று அவராகவே வைத்துக்கொண்ட முறை அது. சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் மறுபடி அண்ணா ஆகிவிடுவேன்.

அப்போது இரண்டு விதமான ஊசிகள் கிடைத்தன. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வேலை விஷயத்துக்காக என்னையும் சேர்த்து வைத்திருந்தார்கள். ஒரு வாரம் முழுக்க அதில் இதே பேச்சுதான். இதைப் போட்டால் வெளிநாட்டுக்காரன் விசா கொடுப்பான், அதைப் போட்டால் காய்ச்சல் வராது, மகன் அங்கிருந்து இதைத்தான் போடச் சொல்கிறான். துணிக்கடையில் உட்கார்ந்து புடவை பிரித்துப் பார்ப்பது போல இருந்தது. கடைசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியோடு பேசி, எங்கள் கிளப் ஹவுசிலேயே முகாம் போடுவதாக முடிவானது. குடியிருப்பவர்களுக்கு ஒரு படிவம் வந்தது. எந்த ஊசி வேண்டும் என்று அதில் ஒரு கட்டம். வேலைக்காரர்களின் பட்டியலை என்னைத் தயார் செய்யச் சொன்னார்கள். அதில் அந்தக் கட்டம் கிடையாது. அதிகமாகக் கிடைத்த ஊசிதான் எல்லாருக்கும்.

கூடவே ஒரு உத்தரவு. முகாமில் ஊசி போட்டவர்களின் அடையாள அட்டையில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். முகாம் நாளிலிருந்து ஸ்டிக்கர் இல்லாத வேலையாட்களுக்கு, கிளப் ஹவுசில் ஊசி போட்டுக்கொள்ள வருவதைத் தவிர, கேட்டுக்குள்ளே வேலை இல்லை. குடியிருப்பவர்களுக்கு எந்த ஸ்டிக்கரும் இல்லை. அவர்கள் மூச்சுக் காற்று மட்டும் எப்போதும் சுத்தம் போலிருக்கிறது.

அந்தப் பெண் முதல் ஊசியை ஏற்கெனவே அரசு சுகாதார நிலையத்தில் போட்டிருந்தார். அது எங்கள் பட்டியலுக்கு ஒதுக்கிய ஊசி இல்லை, அந்த இன்னொரு வகை. இரண்டாவதும் அதே வகையாகத்தான் இருக்க வேண்டும் என்று அங்கிருந்த நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லி, சீட்டும் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டை இந்தப் பெண் ஒரு பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்திருந்தார். இரண்டாவதுக்கு நாளும் வந்துவிட்டது, ஆனால் சுகாதார நிலையத்தில் அந்த ஊசி இருப்பு இல்லை.

நான் அபார்ட்மென்ட் மேனேஜரிடம் சொன்னேன். அவர் ரொம்ப சுலபமாக ஒரு வழி காட்டினார். வேறு போன் நம்பர் கொடுத்து, இதுதான் முதல் ஊசி என்று புதிதாகப் பதிந்துவிடலாம், ஸ்டிக்கர் கிடைத்துவிடும் என்றார். வெட்கமில்லாமல் நானும் அதைப் போய் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். எதையாவது போட்டுக்கொண்டால் வேலை நிற்கும் என்று புத்திமதி வேறு. அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"இன்னா சார், பெரியவங்க வீட்ல எது ஒத்துக்கும்னு பாத்துப் பாத்துப் போட்டுக்கறாங்க. நான் மட்டும் பொய் சொல்லி எதையோ குத்திக்கினு போவணுமா? ரெண்டு பசங்களுக்கு நான் ஒருத்திதான்."

குடியிருப்பவர்களில் ஆறு பேர் படிவத்தில் அந்த இன்னொரு வகையைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்காக அது முகாமுக்கு வரும். அதில் உனக்கும் ஒன்று கேட்டுப் பார்க்கிறேன், கேட்டுக்குப் பக்கத்தில் வந்து இரு என்று வாக்குக் கொடுத்தேன்.

முகாம் நாள். காலையிலேயே வந்து, செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்துத் திட்டில் உட்கார்ந்துகொண்டார். ஸ்டிக்கரும் இல்லை, ஊசிப் பட்டியலில் பெயரும் இல்லை என்று உள்ளே விடவில்லை. கிளப் ஹவுசிலிருந்து அந்த இடம் இரண்டு நிமிட நடைகூட இல்லை.

உள்ளே நான் நாற்காலி போடவும், பெயர் கூப்பிடவும், சானிடைசர் ஊற்றவும் ஓடிக்கொண்டிருந்தேன். சங்கத்தின் செகரெட்டரியிடம் பேச இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் அவர் போனில் இருந்தார். போன் முடிந்தபோதும் நான் பேசவில்லை என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

மத்தியானத்துக்கு மேல் அந்த ஆறு பேரும் வந்தார்கள். நர்ஸ் ஒரு குப்பியை எடுத்தார். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. திறந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும், அப்புறம் அது கழிவு. ஆறு பேரும் போட்டுக்கொண்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். இன்னும் நான்கு பேருக்கு இருக்கிறது, யாராவது இருந்தால் கூப்பிடுங்கள் என்று நர்ஸ் கன்னடத்தில் சொன்னார். செகரெட்டரியைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

நான் செகரெட்டரி முகத்தைப் பார்த்தேன். கேட்டில் ஒருத்தர் இருக்கிறார் என்று மெதுவாக ஆரம்பித்தேன். அவர் கத்தவில்லை, திட்டவில்லை. சிரித்த முகமாகவே, வேலையாட்களுக்குத்தான் தனியாக ஊசி வந்திருக்கிறதே, பட்டியலை மாற்றினால் குழப்பமாகிவிடும் என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். அவ்வளவுதான். காவல் வைத்துவிட்டுப் போகவில்லை, கதவைப் பூட்டவில்லை. என் சட்டைப் பையில் போன் இருந்தது. நர்ஸ் காத்துக்கொண்டிருந்தார். செகரெட்டரி பேச்சை மீறினால் என்னையும் நிறுத்திவிடுவாரோ என்ற பயத்தில் நான் மரமாக நின்றேன். எத்தனை பேருக்கு அதட்டி வேலை சொன்ன வாய் என்னுடையது. அன்றைக்கு மட்டும் அதற்கு என்ன வந்தது?

நர்ஸ் சாயங்காலம் வரை பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு தாளில் நான்கு என்று எழுதி, குப்பியைத் தனியாக எடுத்து வைத்தார். சாமான்களையெல்லாம் வண்டியில் ஏற்ற வேண்டும் என்றார்கள். அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் நான்தான். வண்டி கேட்டுக்கு வெளியே நின்றது. திட்டிலிருந்து அவர் எழுந்து நின்றார். கையில் அந்தப் பிளாஸ்டிக் கவர்.

"முடிஞ்சிருச்சா சார்?"

முடிந்துவிட்டது என்றேன். நின்று பேசக்கூட இல்லை.

மறுநாளிலிருந்து அவருக்கு வேலை இல்லை. தினமும் விடிவதற்கு முன்னால் சுகாதார நிலையத்துக்குப் போய் டோக்கனுக்கு நின்றார். இருப்பு இல்லை, நாளைக்கு வா என்றே பதில் வந்தது. மூன்றாவது வாரம், எங்களை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சி அவர் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டது. அதைத் தெரிவித்து எனக்கு வந்த கடிதத்தில் அவர் 'ஒத்துழைக்கவில்லை' என்று ஒரு வரி. நாலு பேரின் மருந்தைக் குப்பைக்கு அனுப்பியவர்கள் ஒத்துழைத்தவர்கள். வீசுவதற்கு முன் ஒன்று கிடைக்காதா என்று நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்திருந்தவர் ஒத்துழைக்காதவர்! அதைப் படித்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். என்னால் கிழிக்க முடிந்தது அந்தக் காகிதம் ஒன்றைத்தான்.

கொஞ்ச நாளில் அவர் ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு சுத்தம் செய்யும் வேலையில் சேர்ந்தார். சேர்ந்த அன்றே ஊசி போட்டார்களாம். அங்கே கேட்டது ஒரே கேள்விதான்: முதலில் எதைப் போட்டீர்கள்?

இதைக் கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அன்று நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஆனால் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. கிளப் ஹவுஸ் கூட்டும் பெண் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை.

"ஒரு போன் அடிச்சிருந்தா ஓடியாந்திருப்பேனே சார். கேட்லதான உக்காந்துனு இருந்தேன்."

டீயை எப்படிக் குடித்து முடித்தேன் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வருடம் பூஸ்டர் வந்தது. மறுபடி அதே கிளப் ஹவுஸ், அதே செகரெட்டரி, அதே இரண்டு வகை. இந்த முறை வேலையாட்கள் பட்டியலில், முன்பு போட்டது எது என்று நானே ஒரு கட்டம் போட்டேன். எல்லாருடைய போன் நம்பரையும் கையில் வைத்துக்கொண்டேன். ஒரு குப்பியில் மூன்று பேருக்கு மீதம் என்று நர்ஸ் சொன்னதும், யார் முகத்தையும் பார்க்காமல் மூன்று பேருக்குப் போன் போட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார்கள். செகரெட்டரி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இத்தனை சுலபமான காரியமா அது என்று அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. முதல் தடவையே எனக்கு அந்த ஐந்து நிமிடம் இருந்தது.

அவர் இப்போதும் மர்பி டவுனில்தான் இருக்கிறார். எதிரில் பார்த்தால் நின்று, சிரித்து, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரிக்கிறார். எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஆனால் அன்றிலிருந்து எங்கள் தெருவிலும் நான் அவருக்குச் 'சார்'தான். அண்ணா என்று அவர் கூப்பிட்டு எத்தனையோ வருடம் ஆகிறது, ஏன் என்று கேட்க எனக்கு வாயும் இல்லை.