வாக்னெஷ் வீட்டு லுட்கருக்கு விழுந்த பத்தொன்பது சீட்டுகள்

மாலை ஆறு மணிக்கு வாக்குப்பெட்டியை மேசைமேல் கவிழ்த்தார்கள். லுட்கர் தீல்கெஸ் அதற்கு இருபது நிமிடம் முன்பே பழைய பள்ளிக்கூடத்தின் சுவரோரப் பலகையில் வந்து உட்கார்ந்துவிட்டார். மடியில் ஏழாம் எண் கோப்பு, அதன்மேல் கட்டம் போட்ட நோட்டு, நோட்டின்மேல் இரண்டு பென்சில்கள். ஒன்று ஒடிந்தால் மற்றொன்று. எண்ணிக்கையைப் பார்க்க ஊரில் யாருக்கும் உரிமை உண்டு. குறுக்கே பேசத்தான் உரிமை இல்லை. அந்த விதியின் பிரிவு எண் அவருக்கு மனப்பாடம்.

ஹாசல்ராத்தில் நூற்று முப்பத்தொரு பேர். ஊர்மன்றத்துக்கு ஆறு இடங்கள். கட்சி கிடையாது, பட்டியல் கிடையாது, யாரும் போட்டியிடுவதில்லை. சீட்டில் ஆறு வெற்று வரிகள் இருக்கும். தனக்கு யார் வேண்டுமோ அவர்கள் பெயரைக் கைப்பட எழுதிப் பெட்டியில் போட வேண்டும். யாரிடமும் போய் எனக்கு எழுது என்று கேட்பது அந்த ஊரில் துணியில்லாமல் தெருவில் நடப்பதற்குச் சமம். லுட்கரும் கேட்கவில்லை. மனைவி ஒடிலியாவிடம்கூடக் கேட்கவில்லை. காலையில் அவளாகவே சொன்னாள்.

"உன் பேரை ஆறாவது வரியில எழுதினேன். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. எல்லா வரிக்கும் ஒரே மதிப்புதான்."

அவருக்கு அந்த இடம் வேண்டும். பதவிக்காக அல்ல, ஒரே ஒரு வரிக்காக.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு அவர் ஊர்மன்ற உறுப்பினராக இருந்தார். மேட்டு வயல்களின் வடிகால்களைப் பார்த்துவரும் பொறுப்பு அவருடையது. தேவாலயத்துக்கு மேலே உள்ள வடிகால் அடைத்துக்கொண்டதை அப்போதைய ஊர்த்தலைவர் எங்கெல்பெர்ட் க்ரேவருக்கு மூன்று முறை எழுத்தில் தெரிவித்தார்: மார்ச் நான்கு, மார்ச் பத்தொன்பது, ஏப்ரல் ஆறு. மே மாதத்தில் ஒரு பிற்பகல் மழை கொட்டித் தீர்த்தது. சேறு தேவாலயத்துக்குள் புகுந்து முழங்கால் உயரத்துக்கு நின்றது. அடுத்த கூட்டத்தின் குறிப்பில், வடிகால் பற்றி லுட்கர் எந்த அறிக்கையும் தரவில்லை என்று எழுதப்பட்டது. அவர் அந்த வாரமே கோபத்தில் பதவி விலகினார். தன் வாழ்நாளில் தான் செய்த ஒரே பிழை அந்த விலகல்தான் என்று அவர் கருதினார். குறிப்பைத் திருத்தக் கோரிப் பதினொரு மனுக்கள் எழுதினார். பதினொன்றுக்கும் ஒரே பதில் வந்தது: திருத்தத்தை முன்மொழியும் உரிமை மன்றத்தில் இருக்கும் உறுப்பினருக்கே உண்டு.

அவர் பதினைந்து வயதில் பள்ளியை விட்டவர். கருங்கல் குவாரியின் எடைமேடையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் லாரிகளை எடைபோட்டார். உள்ளாட்சிச் சட்டத்தை, லாரிக்கும் லாரிக்கும் நடுவே கிடைத்த இடைவெளிகளில், அடிக்கோடிட்டுத் தாமாகவே படித்தார். அதில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் அவருக்குத் தெரியும். ஆனால் தம் பெயரை எத்தனை பேர் எழுதுவார்கள் என்பதை எந்தப் பிரிவிலும் படித்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

மேசையின் நடுவே எங்கெல்பெர்ட் உட்கார்ந்திருந்தார். எழுபத்து நான்கு வயது. இப்போது வாக்குக் குழுவின் தலைவர் மட்டும். அவர் பக்கத்தில் தபால்காரி மார்கா வாக்குக்கு ஒரு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தாள். ஓரத்தில், சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் பொதுவான கூட்டுநிர்வாக அலுவலகத்திலிருந்து வந்த வெடெகிண்ட் என்ற இளம்பெண், வடக்கத்திக்காரி. ஊர் வழக்கம் எதுவும் அவளுக்குத் தெரியாது, விதி தெரியும்.

எங்கெல்பெர்ட் ஒரு சீட்டை விளக்கருகே பிடித்தார்.

"வாக்னெஷ் லுட்கர்."

மார்காவின் பேனா இறங்கியது. வெடெகிண்டின் கை அதைத் தடுத்தது.

"ஒரு நிமிஷம். வாக்னெஷ்னு பதிவேட்டுல யாருமே இல்லையே?"

பலகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அது ஆள் பேரு இல்ல மேடம், வீட்டுப் பேரு," என்றார் எங்கெல்பெர்ட். "அவனோட கொள்ளுத்தாத்தன் வண்டிச்சக்கரம் செஞ்சவரு, அதால வந்த பேரு. வீடு விக்கலாம், வாங்கலாம், பேரு மாறாது. இந்த ஊர்ல பாதிப் பேர் தீல்கெஸ். குடும்பப் பேர் சொல்லிக் கூப்பிட்டா ரெண்டு தெரு திரும்பிப் பார்க்கும். அதோ, அந்தச் சுவத்தோரம் சுண்ணாம்பா வெளுத்துப்போய் உக்காந்திருக்கானே, அவன்தான்."

"எனக்கு இப்ப புரியுது. ஆனா என் அலுவலகத்துல யாருக்கும் புரியாது. லுட்கர் தீல்கெஸ்னு பதிவேட்டுல ரெண்டு பேர் இருக்காங்க. இது அவருதான்னு காட்ட எழுத்துல ஏதாவது வேணும்."

மற்றொரு லுட்கர் தீல்கெஸ் கதவோரம் பீர் குவளையுடன் நின்றிருந்தான். இருபத்தொன்பது வயது, ஊர்த் தீயணைப்புப் படையின் தலைவன்.

"நான் வாக்னெஷ் இல்லன்னு வேணா எழுதித் தரேன் மேடம். எங்க வீடு கட்டிப் பத்து வருஷந்தான் ஆச்சு. இன்னும் அதுக்குப் பேரே வரல."

"நீங்க யார் இல்லன்னு நீங்களே எழுதினா அது எப்படிங்க செல்லும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் சீட்டைத் தனியே வைத்தாள்.

அதன்பிறகு அந்தத் தனிக் குவியல் வளர்ந்துகொண்டே போனது. லுட்கர் நோட்டில் இரண்டு பத்திகள் போட்டார். பிறந்த ஆண்டோ வீட்டு எண்ணோ சேர்த்து எழுதப்பட்டவை: பதினேழு. வாக்னெஷ் என்று மட்டும் எழுதப்பட்டவை: பத்தொன்பது. இளைய லுட்கருக்கு, 'தீயணைப்பு' என்ற குறிப்போடு, ஐம்பத்திரண்டு. ஆறாவது இடத்தில் அப்போது நின்றவள் விடுதி நடத்தும் தெக்லா சிமோனிஸ், முப்பத்துமூன்று. பதினேழும் பத்தொன்பதும் முப்பத்தாறு. பத்தொன்பது செல்லாவிட்டால் வெறும் பதினேழு. அவர் இருமுறை கூட்டிப் பார்த்தார். இரண்டாம் முறை முதல் பென்சில் ஒடிந்தது.

"அவங்க குடும்பக் கல்லறையில வாக்னெஷ்னு செதுக்கியிருந்துச்சே," என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"இடத்துக்குக் கட்டின குத்தகைத் தவணை முடிஞ்சு அந்தக் கல்லை எடுத்து ஏழு வருஷம் ஆச்சு," என்றாள் மார்கா. "இப்ப அங்க வேற ஆள் படுத்திருக்காரு."

வெடெகிண்ட் கடிகாரத்தைப் பார்த்தாள். "பத்து நிமிஷம் தரேன். யார்கிட்டயாவது ஆவணம் இருந்தா கொண்டு வாங்க. இல்லன்னா இந்தப் பத்தொன்பதையும் செல்லாததுன்னுதான் எழுதணும்."

லுட்கர் மனத்துக்குள் ஏழு கோப்புகளையும் வரிசையாகப் புரட்டினார். வீட்டுப் பத்திரத்தில் மனை எண் மட்டுமே. ஞானஸ்நானச் சான்றில் தீல்கெஸ். தீக்காப்பீட்டில் தெரு எண். குவாரிச் சம்பளச் சீட்டில் 'எல். தீல்கெஸ், இரண்டாமவர்'. பத்திரமாக வைத்திருந்த அத்தனை காகிதத்திலும் வாக்னெஷ் என்ற சொல் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. அந்தக் கூட்டக் குறிப்பு. அதை எழுதிய எங்கெல்பெர்ட் பேசுகிறபடியே எழுதுகிறவர். அதன் சான்றிட்ட நகல், கூட்டுநிர்வாக அலுவலகத்தின் முத்திரையோடு, இந்த நேரத்தில் அவர் மடியிலேயே இருந்தது.

கொடுத்தால் உரக்கப் படிப்பார்கள். தேர்தல் ஆவணங்களோடு சேர்த்து உறையிலிட்டு ஒட்டுவார்கள். பொய்யென்று பதினொரு முறை எழுதிக்கொடுத்த காகிதத்தைத் தாமே சான்றாக நீட்டியதாக ஆகும். நாளை திருத்தம் கேட்டு எழுந்தால், அன்றைக்கு இதே காகிதத்தைக் காட்டித்தானே இங்கே உட்கார்ந்தாய் என்று எவனாவது கேட்க மாட்டானா? கொடுக்காவிட்டால் ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். அவருக்கு இப்போது அறுபத்து மூன்று. எங்கெல்பெர்ட் ஐந்து ஆண்டு இருப்பாரா என்பது யாருக்குத் தெரியும்?

தெக்லா தட்டோடு வந்து ஒரு குவளையை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"குடி. நீ மயங்கி விழுந்தா ஆறாவது இடம் என் தலையில விழுந்துரும். மன்றக் கூட்டம் நடக்கிற அன்னிக்கு நான் உள்ள உக்காந்துட்டா உங்களுக்கெல்லாம் யார் ஊத்துறது?"

அவர் குவளையைத் தொடவில்லை. எட்டு நிமிடம் போயிருந்தது. ஒன்பதாவது நிமிடத்தில் எழுந்து, மேசைக்கு நடந்து, நகலை வெடெகிண்டின் முன் வைத்தார். அவளது கட்டை விரல் முத்திரையின்மேல் நின்றது.

"எங்க அலுவலகத்து முத்திரைதான். தலைவரே, படிங்க."

எங்கெல்பெர்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வாக்னெஷ் வீட்டு லுட்கர்," என்று தொடங்கி நிறுத்தினார். காகிதம் என்னவென்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பேரு இருக்கு. போதும்."

"வரியை முழுசாப் படி," என்றார் லுட்கர்.

"வேண்டாம்டா லுட்கர்."

"பாதி வரி சான்றாகாது, எங்கெல்பெர்ட். முழுசாப் படி."

எங்கெல்பெர்ட் படித்தார். "வாக்னெஷ் வீட்டு லுட்கர், மேட்டு வடிகால் அடைப்பு குறித்து, மன்றத்துக்கு எந்த அறிக்கையும் தரவில்லை, சேதம் அவரது கவனக்குறைவால் நேர்ந்தது."

லுட்கர் பலகைகளின் பக்கம் திரும்பாமலேயே நின்றார். முதுகில் கூட்டத்தின் மூச்சை உணர்ந்தார்.

"இது எதைப் பத்தி?" என்றாள் மார்கா.

"கோயில்ல சேறு புகுந்துச்சே, அந்த வருஷமா இருக்கும்," என்றார் பின்வரிசைக்காரர்.

"அதுக்கு இவர் மேலயா பழி போட்டாங்க? எனக்குத் தெரியவே தெரியாதே."

"எனக்கும்தான். மழை பேஞ்சா சேறு வரத்தான செய்யும்."

பதினான்கு ஆண்டுகள் அவர் ஊர்த் திருவிழாவில் கடைசிப் பலகையில்தான் உட்கார்ந்தார். தம்மைப் பார்த்ததும் பேச்சை மாற்றுகிறார்கள் என்று நினைத்துத் தேவாலயத்துக்குப் பக்கவாட்டுக் கதவு வழியே போய்வந்தார். அவர்கள் மாற்றிய பேச்சு உருளைக்கிழங்கையும் மாட்டையும் பற்றியதாக இருந்திருக்கலாம். இந்த எண்ணம் அவருக்கு ஆறுதல் தரவில்லை. காலடியில் ஒரு படி குறைந்ததுபோல் இருந்தது.

"ஆவணம் ஏற்கப்பட்டது," என்றாள் வெடெகிண்ட். "பத்தொன்பதும் செல்லும். மொத்தம் முப்பத்தாறு. ஆறாவது இடம் லுட்கர் தீல்கெஸ், வாக்னெஷ் வீடு. ஏற்கறீங்களா இல்லையான்னு ஏழு நாளைக்குள்ள எழுத்துல சொல்லணும். இந்த நகல் உறைக்குள்ள போகும்."

"ரசீது வேணும்," என்றார் லுட்கர்.

யாரோ சிரித்தார்கள். எங்கெல்பெர்ட் சிரிக்கவில்லை. ஒரு தாளை இழுத்து எழுதத் தொடங்கினார். இரண்டு வரி எழுதியதும் பேனா நின்றது. தலை நிமிராமலே கேட்டார்.

"அந்தக் கடுதாசிங்க. தேதி என்ன?"

லுட்கர் கோப்பைத் திறக்கவில்லை. "மார்ச் நாலு. மார்ச் பத்தொம்போது. ஏப்ரல் ஆறு."

"மூணாவது கடுதாசி வந்த அன்னிக்கு என் மாடு கன்னு போட்டுச்சு," என்றார் எங்கெல்பெர்ட், பொதுவாக மேசையைப் பார்த்து. "அதைப் பிரிக்கவே இல்லை."

ரசீதில் இப்படி இருந்தது: கூட்டக் குறிப்பின் நகல் ஒன்று பெறப்பட்டது. அதன் உள்ளடக்கத்தை உரியவர் மறுக்கிறார். மார்ச் 4, மார்ச் 19, ஏப்ரல் 6 தேதியிட்ட மூன்று கடிதங்கள் அப்போதைய ஊர்த்தலைவருக்கு வந்து சேர்ந்தன. லுட்கர் மூன்று முறை படித்தார். நேரத்தையும் குறிக்கச் சொன்னார். ஏழு மணி ஐம்பது நிமிடம் என்று எழுதப்பட்டது.

வெளியே வெயில் இன்னும் கூரைகளின்மேல் இருந்தது. வாசலில் காத்திருந்த ஒடிலியா அவர் கையைக் கோத்துக்கொண்டாள்.

"ஏத்துக்குவேல்ல?"

"முதல்ல திருத்தத்தோட வாசகத்தைச் சரியா எழுதணும். ஒரு சொல் பிசகினாலும் தள்ளிடுவாங்க."

கிணற்றடித் திருப்பத்தில் அவர் நின்றுவிட்டார். ரசீதை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கமும் புரட்டிப் பார்த்தார்.

"முத்திரை வைக்கல."

"நாளைக்கு வெச்சுக்கலாம், மனுஷா."

"நாளைக்கு அவன் மனசு மாறிட்டா?"

அவர் ஏற்கெனவே திரும்பி நடந்துகொண்டிருந்தார், அநேகமாக ஓட்டம். பள்ளிக்கூடத்தின் வாசற்படியில் எங்கெல்பெர்ட் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கல்லின்மேல் முத்திரைக்கட்டையும் திறந்த மைப்பெட்டியும் இருந்தன.

"கொடு," என்றார்.