தாசில்தாரைக் காக்கவைத்த கத்தரிக்காய்க் குழம்பு

இன்று கீழ்வேளூர் தாண்டியதும் பேருந்து நின்றுவிட்டது. கொள்முதல் நிலையத்தில் நெல் எடுக்கவில்லை என்று விவசாயிகள் மறியல். சாலை நடுவே அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

வேலைக்காகத் திருவாரூரில் தனியாகத் தங்கியிருக்கிறேன். நானே சமைக்க ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. சமையல் எனக்குச் சீக்கிரம் முடிக்கவேண்டிய தொல்லை. பாதி வெந்ததும் இறக்கிவிடுவேன்.

தாசில்தார் வந்தார். "நாளையிலேருந்து எடுக்கச் சொல்லிட்டேன், கலைஞ்சு போங்க" என்றார். சங்கத்துக்காரர்கள் சம்மதித்து எழுந்தார்கள். எங்கள் ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார்.

அடுப்பருகே இருந்த அக்கா மட்டும் அசையவில்லை.

"குழம்பு இப்பதான் கொதிக்குது. பச்சை வாசனை போகாம இறக்க மாட்டேன்."

"போராட்டம்தான் முடிஞ்சிருச்சேம்மா" என்றார் தாசில்தார்.

"அது முடிஞ்சிருச்சு சார். இது முடியல. செத்த பொறுங்க, நீங்களும் ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க."

பொறுத்தார். பேருந்தில் இருந்த நாங்களும் இறங்கினோம். வெறும் கத்தரிக்காய்க் குழம்பும் சோறும்தான். மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். தாசில்தாரும்தான்.

மாலை வீட்டில் அதே குழம்பு வைத்தேன். கைபேசியை உள் அறையில் வைத்துவிட்டு, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை அடுப்பருகிலேயே நின்றேன். அந்த வாசனைக்காக இன்னும் கொஞ்ச நேரம்கூட நிற்கலாம் போலிருந்தது.

நாளை அந்தப் பக்கம் போகிறவர்கள் நெல் எடுக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லுங்கள். எடுக்கவில்லையென்றால் மறுபடி அடுப்பு மூட்டுவார்கள். கத்தரிக்காய் நறுக்க நான் இருக்கிறேன். தேங்காய் துருவ யார் வருகிறீர்கள்?